டைனோசர்கள் எப்போது செத்தன? கல்லுக்குள் இருக்கும் காந்தம் சொன்ன சாட்சி

66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெரிய விண்கல் வந்து விழுந்தது, டைனோசர்கள் அழிந்துபோயின. இதை இண்டைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் இந்த ஒற்றை வசனத்துக்குள் ஒரு பெரிய சிக்கல் ஒளிஞ்சிருக்குது.

விண்கல் கதையின் முதல் ஆதாரம் கிடைத்தது இத்தாலியில், ஒருகாலத்தில் ஆழ்கடலின் அடியாக இருந்த சுண்ணக்கல்லில். அந்தக் கல்லில் டைனோசர் இல்லை. கடலில் மிதந்த, ஊசிமுனை அளவான நுண்ணுயிர்களின் ஓடுகள்தான் இருக்கின்றன. டைனோசர் எலும்புகள் கிடைப்பதோ அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில், பழைய ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலிலும் சேற்றிலும். இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது. அப்படியென்றால் கடலில் அந்தச் சின்ன உயிர்கள் செத்த அதே காலத்தில்தான் தரையில் டைனோசர்களும் செத்தன என்று யார் கண்டது?

இது சும்மா விதண்டாவாதம் இல்லை. 1977இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று, "இல்லை, டைனோசர்கள் பிந்தித்தான் அழிந்தன" என்று எழுதியது. அது சரியென்றால் விண்கல்லை டைனோசர் கொலைக்குக் குற்றவாளி ஆக்க ஏலாது. கடலில் கொலை நடந்து பல இலட்சம் ஆண்டுகள் கழிந்த பிறகும் தரையில் டைனோசர்கள் உலாவிக்கொண்டிருந்தால், இரண்டையும் ஒரே கையால் நடந்த கொலை என்று எப்படிச் சொல்வது? இந்த வழக்கில் இரண்டு பக்கமும் கூப்பிட்ட சாட்சி ஒன்றுதான்: பாறைக்குள் உறைந்துபோன காந்தம்.

தரைக்கும் கடலுக்கும் பொதுவான மணிக்கூடு

பாறைகளின் வயதை ஒப்பிடுவதற்குப் புவிச்சரிதவியலாளர்கள் அதிகம் நம்புவது உயிர்ச்சுவடுகளை. ஒரே வகை ஓடு இரண்டு இடத்துப் பாறைகளிலும் இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவை. கடற்பாறையைக் கடற்பாறையோடு ஒப்பிட இது நல்ல வழி. தரைப்பாறையைக் கடற்பாறையோடு ஒப்பிடப் போனால்தான் பிரச்சினை. ரைரனோசோரஸ் கடலடியில் வாழவில்லை. அமோனைற்று ஆற்றங்கரையில் மேயவில்லை. இரண்டு புத்தகங்களும் வெவ்வேறு மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன, இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை.

எரிமலைச் சாம்பல் படை ஒன்று கிடைத்தால் அதிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களை வைத்து வயதைக் கணக்கிடலாம். ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில் சாம்பல் படிந்திருக்க வேண்டுமே. கனக்க இடங்களில் அது இல்லை.

ஆகவே தரையிலும் கடலிலும், வடக்கிலும் தெற்கிலும், உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நடக்கிற, பாறையில் அடையாளம் விட்டுப்போகிற ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. அப்படி ஒன்று இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகப் புரளுகிறது.

இன்று உங்கள் கையில் இருக்கிற திசைகாட்டியின் ஊசி வடக்கைக் காட்டும். எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அதே ஊசியைப் பிடித்திருந்தால் அது தெற்கைக் காட்டியிருக்கும். பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருப்பதால்தான் காந்தப்புலம் உண்டாகிறது. அந்த ஓட்டம் குழம்பும்போது புலம் வலுக்குறைந்து, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் திசைமாறி, மறுபடி நிலைகொள்கிறது. சில ஆயிரம் ஆண்டு என்பது நமக்குப் பெரிய காலம். மில்லியன்களில் கணக்குப் பார்க்கிற பாறைக்கு அது கண் இமைக்கிற நேரம்.

இந்தப் புரள்வுக்கு ஒழுங்கான கால இடைவெளி கிடையாது. ஒருமுறை முப்பதாயிரம் ஆண்டில் புரளும், இன்னொரு முறை பல மில்லியன் ஆண்டு அசையாமல் இருக்கும். இந்த ஒழுங்கின்மைதான் நமக்கு உதவி. கடையில் சாமானின் பின்பக்கத்தில் இருக்கிற பார்கோட்டை நினைத்துப் பாருங்கோ. எல்லாக் கோடும் ஒரே அகலமாக இருந்தால் எந்தச் சாமான் என்று கண்டுபிடிக்க முடியாது. அகலம் மாறி மாறி வருவதால்தான் அடையாளம் காண முடிகிறது. காந்தப் புரள்வுகளும் அப்படித்தான்.

கல் எப்படி ஞாபகம் வைக்கிறது?

எரிமலைக்குழம்பில் மக்னற்றைற்று போன்ற இரும்புக் கனிமங்கள் இருக்கும். 580 பாகை செல்சியசுக்கு மேல் மக்னற்றைற்று காந்தத்தன்மையைப் பிடித்து வைத்திருக்காது. குழம்பு குளிர்ந்து அந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்கும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தத் திசையை அப்படியே பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் மெதுவாகப் படிகிற சேற்றிலும் இதுபோல ஒன்று நடக்கிறது. அதற்குள் இருக்கும் நுண்ணிய இரும்புக் கனிம மணிகள் குட்டிக் காந்த ஊசிகளாகத் திரும்பிப் படிகின்றன. பிறகு சேறு இறுகிக் கல்லாகிறது.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் பிரான்சைச் சேர்ந்த பேர்னார்ட் புருன். 1906இல் அவர் வெளியிட்ட ஆய்வில், எரிமலைக்குழம்பும், அது மேலே பாய்ந்ததால் சுட்ட செங்கல் போல வெந்துபோன களிமண் படையும், இரண்டுமே இன்றைய புலத்துக்கு எதிர்த்திசையில் காந்தம் கொண்டிருந்தன. இரண்டு வெவ்வேறு பொருட்கள் ஒரே சாட்சியைச் சொல்கின்றன என்றால் புரண்டது கல் அல்ல, பூமியின் புலம்தான் என்பது அவருடைய முடிவு. அப்போது கனபேர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1929இல் ஜப்பானின் மொட்டோனோரி மட்டுயாமா, ஜப்பானிலும் கொரியாவிலும் மஞ்சூரியாவிலும் எடுத்த எரிமலைப் பாறைகளை வைத்து, எதிர்த்திசைக் காந்தம் கொண்டவை ஒரு குறிப்பிட்ட பழைய காலத்துக்கு உரியவை என்று காட்டினார். 1960களில் அலன் கொக்ஸ், ரிச்சர்ட் டோல், பிரென்ற் டல்ரிம்பிள் ஆகியோர் எரிமலைப் பாறைகளின் வயதையும் காந்தத் திசையையும் சேர்த்து அளந்து, புரள்வுகளுக்கான முதல் கால அட்டவணையைப் போட்டார்கள். கடலடித் தரையில் சமாந்தரக் கோடுகளாக இருக்கும் காந்த வரிகள் அந்த அட்டவணையை இன்னும் பின்னோக்கி நீட்டின. அந்த வரிகளுக்கு இலக்கம் போட்டார்கள். நம்முடைய கதைக்கு வேண்டிய இலக்கங்கள் 29, 30.

இத்தாலியில் ஒரு சென்ரிமீற்றர் களிமண்

1970களில் வோல்ற்றர் அல்வாரெசும் வில்லியம் லௌரியும் இத்தாலியின் குப்பியோ நகரத்துக்குப் பக்கத்திலுள்ள மலையிடுக்கு ஒன்றில் இளஞ்சிவப்புச் சுண்ணக்கல்லைத் துளைத்து மாதிரி எடுத்தார்கள். அவர்கள் தேடிப்போனது வேறு விடயம்: இத்தாலியின் நிலத்தட்டு பழைய காலத்தில் சுழன்றதா என்று காந்தத் திசையை வைத்துப் பார்க்கப் போனார்கள். கிடைத்தது அதைவிடப் பெரியது. பாறைப் படைகளில் கீழிருந்து மேலே போகப் போகக் காந்தத் திசை மாறி மாறி வந்தது. கடலடிக் காந்த வரிகளின் அதே பார்கோட், இங்கே ஒரு மலைச்சுவரில் நிமிர்ந்து நின்றது.

அதே சுவரில் ஒரு இடத்தில் பெரிய ஓடுகள் கொண்ட நுண்ணுயிர்கள் திடீரென்று நின்றுபோகின்றன. அதற்கு மேலே ஒரு சென்ரிமீற்றர் அளவில் மெல்லிய களிமண். அதற்கும் மேலே மிகச் சிறிய சில வகைகள் மட்டுமே. 1977இல் வந்த அவர்களுடைய முடிவின்படி இந்த எல்லை, 29ஆம், 30ஆம் வரிகளுக்கு நடுவில் இருக்கும் எதிர்த்திசைக் காலத்துக்குள் விழுகிறது. இன்று அதை C29r என்று குறிப்பார்கள். அது நீடித்தது கிட்டத்தட்ட ஏழு இலட்சம் ஆண்டு.

அந்தக் களிமண்ணில் இரிடியம் என்ற அரிய உலோகம் சுற்றியுள்ள பாறையைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு அதிகமாக இருப்பதை லூயிஸ் அல்வாரெஸ், வோல்ற்றர் அல்வாரெஸ், பிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகிய நால்வரும் 1980இல் அறிவித்தார்கள். பூமியின் மேலோட்டில் இரிடியம் மிகக் குறைவு. விண்கற்களில் அதிகம். விண்கல் கருதுகோள் பிறந்தது இப்படித்தான்.

நியூ மெக்சிக்கோவின் எதிர்ச்சாட்சி

இந்தச் சத்தத்துக்கு முன்னரே இன்னொரு குழு தரையில் வேலையைத் தொடங்கியிருந்தது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் வடமேற்கில் சான் ஹுவான் படுகை என்று ஒரு வறண்ட பூமி. புல் பூண்டு குறைந்த, மழை அரித்துப்போட்ட களிமண் மேடுகள். அங்கே கீழ்ப்படைகளில் டைனோசர் எலும்புகளும், மேற்படைகளில் டைனோசருக்குப் பிந்திய ஆதி முலையூட்டிகளின் பற்களும் கிடைக்கின்றன. தரையில் நடந்த அழிவைப் பார்க்க இதைவிட நல்ல இடம் அதிகம் இல்லை.

ரொபேட் பட்லர், எவரெற் லின்ட்சே, லூயிஸ் ஜேக்கப்ஸ், நோய் ஜோன்சன் ஆகியோர் அந்தப் படைகளின் காந்தத்தை அளந்து 1977இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் வாசித்த பார்கோட்டின்படி, கடைசி டைனோசர் எலும்புகள் குப்பியோ எல்லை இருக்கிற எதிர்த்திசைக் காலத்தில் இல்லை. அதற்குப் பிறகு வருகிற, இன்றுபோல வடக்கு நோக்கிய காலத்தில் இருந்தன. அதாவது கடலில் அழிவு முடிந்த பிறகும் டைனோசர்கள் கனகாலம் உயிரோடு இருந்தன.

இதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. இரண்டு குழுவும் பயன்படுத்தியது ஒரே முறை. இரண்டு குழுவும் கவனமாக அளக்கிறவர்கள். ஒரு முடிவு கடலிலிருந்து, இன்னொன்று தரையிலிருந்து. விண்கல் கருதுகோள் வந்ததும், அதை ஏற்காதவர்களுக்குச் சான் ஹுவான் ஒரு கனமான ஆயுதமாக இருந்தது. வோல்ற்றர் அல்வாரெஸ் உட்படச் சிலர் நியூ மெக்சிக்கோ வாசிப்பைக் கேள்வி கேட்டார்கள்.

கேள்வி கேட்க இடமும் இருந்தது. ஆழ்கடலில் படிவு ஓயாமல், மெதுவாக, பூத்தூவலாக விழுந்துகொண்டே இருக்கும். ஆறு அப்படி இல்லை. ஒரு வருடம் மணலைக் கொண்டுவந்து கொட்டும், இன்னொரு வருடம் வெள்ளம் வந்து பழையதையும் அரித்துக்கொண்டு போய்விடும். தரைப்பாறையில் பக்கங்கள் கிழிந்திருக்கும். பார்கோட்டில் இரண்டு கோடு காணாமல் போனால் மீதியை எந்த இலக்கத்தோடு பொருத்துவது? எண்ணிக்கை ஒன்று தப்பினால் முடிவு பல இலட்சம் ஆண்டு தள்ளிப்போகும்.

மற்ற இடங்கள் சொன்னது

இப்படியான இடத்தில் ஒரே வழி, வேறு இடங்களுக்குப் போய்ப் பார்ப்பது. 1979இல் லெர்பெக்மோவும் கூட்டாளிகளும் கனடாவின் அல்பேட்டா மாநிலத்தில் ரெட் டியர் பள்ளத்தாக்குப் படைகளை அளந்தார்கள். அங்கே எல்லை எதிர்த்திசைக் காலத்துக்குள் விழுந்தது. 1982இல் மொன்டானா மாநிலத்தின் ஹெல் கிரீக் படைகள் பற்றிய ஆய்வு வந்தது. ரைரனோசோரசும் ரைசெரறொப்சும் கிடைக்கிற புகழ்பெற்ற இடம் அது. அங்கேயும் எதிர்த்திசைதான். கவனியுங்கள், அந்த 1982 கட்டுரையை எழுதியவர்களில் பட்லரும் லின்ட்சேயும் இருந்தார்கள். தங்கள் பழைய முடிவுக்கு இடைஞ்சலான ஆதாரத்தைத் தாங்களே அளந்து வெளியிட்டார்கள்.

இதற்கு நடுவில், 1981இல், நியூ மெக்சிக்கோவின் இன்னொரு மூலையான ரற்றன் படுகையில், பழைய சதுப்பு நிலத்தின் நிலக்கரிப் படைக்குள் இரிடியம் கண்டுபிடிக்கப்பட்டது. கடல்நீரின் ஏதோ ஓர் இரசாயன விளையாட்டால்தான் இரிடியம் சேர்ந்தது என்ற வாதம் அதோடு ஆட்டம் கண்டது. சதுப்பு நிலம் கடல் இல்லையே. அதே மட்டத்தில் பல பூக்கும் தாவரங்களின் மகரந்தம் மறைந்து, அதற்கு மேலே பன்னங்களின் வித்திகள் குவிந்து கிடந்தன. எரிந்துபோன காணியில் முதலில் பன்னம் முளைக்கிறது போல.

அப்படியென்றால் சான் ஹுவானில் நடந்தது என்ன?

கல்லின் மேல் இரண்டாவது எழுத்து

பழைய காலத்தில் தோற்சுவடியில் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே புதிதாக எழுதுவார்கள். பாறைக்கும் அது நடக்கும். ஒரு படை உருவாகிப் பல மில்லியன் ஆண்டு கழித்து அதனூடாக நிலத்தடி நீர் ஓடலாம். இரும்பு துருப்பிடித்துப் புதிய கனிமம் உண்டாகலாம். பக்கத்தில் எரிமலைக்குழம்பு ஊடுருவிச் சூடாக்கலாம். அப்போதெல்லாம் அந்தந்தக் காலத்துக் காந்தத் திசை பழையதின் மேல் பதிகிறது. நாம் இருப்பது வடக்கு நோக்கிய காலம். கடந்த ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இதே நிலைதான். ஆகவே எதிர்த்திசைப் பாறை ஒன்றின் மேல் அண்மைக்கால எழுத்து விழுந்தால், அது பார்வைக்கு "வடக்கு" என்று பொய் சொல்லும்.

இதைக் கழுவுவதற்கு ஆய்வுகூடத்தில் ஒரு முறை இருக்கிறது. காந்தத்தால் இழுபடாத துளைப்பானால், இரண்டரைச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறு உருளைகளாகக் கல்லை வெட்டி எடுப்பார்கள். எடுக்க முன்னரே அது மலையில் எந்தத் திசையில், எந்தச் சரிவில் இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு பூமியின் காந்தம் நுழையாத அறையில் வைத்து அதைக் கொஞ்சம் சூடாக்கி, ஆறவிட்டு, அளப்பார்கள். இன்னும் கொஞ்சம் சூடாக்கி மறுபடி அளப்பார்கள். பிந்தி ஒட்டிய பலவீனமான காந்தம் முதலில் கழன்றுபோகும். ஆழத்தில் இருக்கிற முதற் காந்தம் கடைசி வரை நிற்கும். ஒவ்வொரு கல்லுக்கும் பத்துப் பதினைந்து தடவை இதைச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இது சரிவராது.

பட்லரும் லின்ட்சேயும் சான் ஹுவான் மாதிரிகளுக்குத் திரும்பிப் போனார்கள். இந்தத் தடவை திசையை மட்டும் பார்க்கவில்லை. காந்தத்தைச் சுமப்பது எந்தக் கனிமம் என்றும் ஆராய்ந்தார்கள். 1985இல் அவர்கள் வெளியிட்ட திருத்திய வாசிப்பு விடையைத் தந்தது: எல்லைக்குப் பக்கத்தில் வடக்கு நோக்கியதாகத் தாங்கள் முன்னர் குறித்த வலயம், பாறை பிறந்தபோது பெற்ற காந்தம் இல்லை. பிறகு ஒட்டிக்கொண்ட இரண்டாவது எழுத்து. அதை நீக்கிவிட்டுப் பார்த்தால், டைனோசர்கள் கடல் அழிவுக்குப் பிந்தி வாழ்ந்தன என்ற முடிவுக்குக் கால் இல்லாமல் போயிற்று.

எனக்கு இந்த முழுக் கதையிலும் முக்கியமான இடம் இதுதான். 1977இன் முடிவு பொய்யாகச் செய்யப்பட்டதல்ல. அளந்த கருவி சரி, அளந்தவர்கள் சரி. சாட்சிக்காரரின் ஞாபகத்தின் மேல் வேறொரு ஞாபகம் படிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் எதிரணி இல்லை, அந்த முடிவை எழுதிய அதே கைகள். எட்டு வருடம் ஒரு பக்கத்தின் ஆயுதமாக இருந்த தங்கள் முடிவைத் தாங்களே திருப்பிப் படிக்க ஒரு மனத்துணிவு வேணும்.

காந்தம் சொல்லாதது

அதேநேரம் காந்தத்தின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடவும் கூடாது. கடல் எல்லையும் தரை எல்லையும் ஒரே எதிர்த்திசைக் காலத்துக்குள் இருக்கின்றன என்றால், இரண்டும் ஒரே நாளில் நடந்தன என்று அர்த்தம் இல்லை. ஒரே ஏழு இலட்சம் ஆண்டுப் பெட்டிக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான். காந்தம் ஒரு எண்ணத்தைத் தூக்கி எறிய உதவும். தனியாக நின்று ஒன்றை நிரூபிக்காது. பெட்டிக்குள் எந்த மூலை என்பதை இரிடியப் படையும் மகரந்தமும் சாம்பற் படைகளின் வயதும்தான் சொல்லின. மெக்சிக்கோவின் சிக்சுலுப் பள்ளம் விண்கல் விழுந்த இடம் என்று 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தபோது, மோதலில் உருகி உறைந்த பாறையின் காந்தத்தையும் பார்த்தார்கள். அதுவும் எதிர்த்திசை. குற்றவாளியும் அதே பெட்டிக்குள் இருந்தார்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இன்னொருவரும் இருந்தார். இந்தியாவின் தக்காண மேட்டுநிலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், எரிமலைக்குழம்பு படை படையாக இரண்டு கிலோமீற்றர் உயரத்துக்கும் மேலே அடுக்கிக் கிடக்கிறது. அது பல பத்து மில்லியன் ஆண்டுகளாக மெல்ல மெல்ல வழிந்தது என்ற எண்ணம் முன்னர் இருந்தது. 1986இல் பிரெஞ்சு ஆய்வாளர் வின்சன்ற் கூற்றியோவின் குழு அதன் காந்தத்தை வைத்து வேறு கணக்குச் சொன்னது. அவ்வளவு உயர அடுக்கிலும் புரள்வுகள் மிகக் குறைவு. பெரும்பகுதி ஒரேயொரு எதிர்த்திசைக் காலத்துக்குள். அதுவும் நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே காலம். எரிமலைக்கு அழிவில் எவ்வளவு பங்கு என்ற விவாதம் அன்று சூடுபிடித்து இன்றுவரை ஓயவில்லை.

கரூவில் மறுபடியும் அதே கேள்வி

டைனோசருக்கும் முன்னர், 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், இதைவிடக் கொடிய அழிவு ஒன்று நடந்தது. கடலின் பெரும்பாலான இனங்கள் அதில் போயின. தரையில் அந்த அழிவைப் பார்க்க எல்லோரும் போகிற இடம் தென்னாபிரிக்காவின் கரூ. லிஸ்ரோசோரஸ் என்ற, பன்றி அளவான, இரண்டு கொம்புப்பல் உள்ள பிராணியின் எலும்புகள் அங்கே நிறைய. கடல் அழிவோடு சேர்த்துத்தான் கரூவின் பழைய விலங்குகளும் போய் லிஸ்ரோசோரஸ் காலம் தொடங்கியது என்று நெடுங்காலம் படிப்பித்தார்கள்.

2020இல் ரொபேட் கஸ்ரால்டோவும் கூட்டாளிகளும் கரூவில் ஒரு சாம்பற் படையின் சிர்க்கோன் மணிகளை அளந்து, லிஸ்ரோசோரஸ் காலத்தின் தொடக்கம் கடல் அழிவுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள் முந்தியது என்று வாதிட்டார்கள். இம்முறை தரை பிந்தவில்லை, முந்திவிட்டது. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். காந்தத்தை வைத்துத் தீர்க்கலாமே என்றால், கரூ முழுவதும் 183 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் டொலரைற்றுக் குழம்பு ஊடுருவிப் பாறைகளைச் சூடாக்கியிருக்கிறது. இரண்டாவது எழுத்து இங்கே இன்னும் தடித்த மையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதிரியிலும் சான் ஹுவான் பாடம் தேவைப்படுகிறது.

"பேரழிவு" என்ற ஒற்றைச் சொல்லால் நாம் கடலையும் காட்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். கடலும் காடும் ஒன்றாகச் செத்தனவா, ஒன்று முந்தி மற்றது பிந்திச் செத்தனவா என்பது அழிவு எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றிய கேள்வி. முதலில் தரை போய், பல ஆயிரம் தலைமுறைக்குப் பிறகுதான் கடல் போனது எண்டால், அங்கே நடந்தது ஒரு மோதல் இல்லை, ஒரு நீண்ட சரிவு. அதனால்தான் சிலர் இன்னும் வெயிலில் நின்று கல்லைத் துளைத்து, அதன் வடக்கு எது என்று திரும்பத் திரும்பச் சூடாக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் தடவை சொன்ன பதிலை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது எண்டதை நியூ மெக்சிக்கோவின் களிமண் மேடுகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டன.